காலையில் எழுந்து என்ன செய்யப் போகிறேன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார். 2021 ஜனவரியில் கொரோனாவில் கணவர் போய்விட்டார். அதே மாதம் அண்ணனும் போய்விட்டார். மகனுக்கு ஜோகன்னஸ்பர்க்கில் வேலை. "போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்று இரவு முழுவதும் தூக்கமில்லை. காலையில் எழுந்து என்ன செய்யப் போகிறேன் என்றே தெரியவில்லை. எல்லோரும் விதி என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

அம்மா, விதியைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேச்சை எப்படி முடிப்பது என்று தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் அதை எடுக்கிறார்கள்.

சிரிப்புக்கு வருகிறேன். மார்கரெட் ஸ்ட்ரோப, ஹென்க் ஸ்ஹூட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கப்படுகிறவர் மனம் இழப்பின் பக்கம் சிறிது நேரம், அன்றாட வாழ்க்கையின் பக்கம் சிறிது நேரம் என்று மாறி மாறிப் போய்வரும். அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம் என்றார்கள். நீங்கள் கல்யாண வீட்டில் அந்தப் பக்கம் போனீர்கள், இரவில் இந்தப் பக்கம் திரும்பினீர்கள். கணவரை மறந்திருந்தால் அன்றிரவு நன்றாகத் தூங்கியிருப்பீர்களே!

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த ஜனவரியில் சாவுக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது, சாவு வீட்டில் இரவு கண்விழிக்கவும் தடை. நம் வீட்டுச் சாவு என்றால் தெருவே திரண்டு வரும். பதினாறாம் நாள் வரை யாராவது சோறு கொண்டுவந்துகொண்டே இருப்பார்கள். உங்களுக்கு அது கிடைக்கவில்லை. இந்த ஆண்டு கணவரின் திதிக்கு, அன்று சாவுக்கு வர முடியாதவர்களைக் கூப்பிடுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படையல் போடுங்கள். அவரோடு வேலை பார்த்தவர்கள், உங்களுக்குத் தெரியாத கதைகளை வைத்திருப்பார்கள், பேசவிடுங்கள். இப்போது எதற்கு என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

காந்தியின் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ல் இறந்ததை இந்த நாட்டில் ஆண்டுதோறும் நினைக்கிறோம். அவரோடு சிறை சென்ற தாய் மங்களம், மகள் போன பிறகு எப்படி நாளைக் கடத்தினார் என்று நாம் கேட்பதே இல்லை. மிஞ்சியவர்களை நம் சரித்திரம் சட்டென்று விட்டுவிடுகிறது.

சாப்பாடும் தூக்கமும் தொடர்ந்து இல்லாமல் போனால், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், தொலைபேசியில் மனநல உதவி தரும் லைஃப்லைனைக் கூப்பிடுங்கள். மகனிடம் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதையும் நிறுத்துங்கள்.

எதற்காக எழுவது என்கிறீர்கள். பெரிய இலட்சியம் எதுவும் தேட வேண்டாம். மரணச் சான்றிதழுக்காக ஹோம் அஃபேர்ஸில், அதாவது உள்துறை அலுவலகத்தில் நின்றீர்கள். வங்கிக்கு அலைந்தீர்கள். இறந்தவர்களின் சொத்தைக் கவனிக்கும், உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்துக்கும் போயிருப்பீர்கள். சொத்து 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் ஒரு நடைமுறை, தாண்டினால் இன்னொன்று. எந்தத் தாள் எங்கே வேண்டும் என்பதை அழுதழுது கற்றிருக்கிறீர்கள். உங்கள் கோயிலில் விசாரித்துப் பாருங்கள். அண்மையில் கணவனை இழந்து, அந்தத் தாள்களை விரித்து வைத்துக்கொண்டு விழிக்கிற ஒருத்தி இருப்பாள். ஆறுதல் சொல்லத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம், வரிசையில் பக்கத்தில் நின்றாலே போதும். காலை சீக்கிரம் கிளம்புங்கள், இல்லாவிட்டால் வரிசை நீண்டுவிடும். கறுப்பு மைப் பேனா ஒன்றையும் எடுத்துப் போங்கள். படிவத்தை அந்த மையில்தான் நிரப்பச் சொல்வார்கள்.