பேச்சை ஆராய ஒரு துறை போதாது

(ஏற்காட்டில் ஆய்வு மாணவர்களும் மருத்துவர்களும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நான் பிறந்து வளர்ந்தது சேலம் அம்மாப்பேட்டையில். எங்கள் தெருவில் விசைத்தறிகள் ஓடும் நேரத்தில் யாரும் யாரையும் கூவி அழைப்பதில்லை, அழைத்தாலும் பயனில்லை. ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்துவிட்டால் என் அக்கா நிமிர்ந்து எதிர்த்தறியில் நிற்பவரைப் பார்த்து வாயை மட்டும் அசைப்பார். அவரும் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு, சுற்றி வைத்த தார்க்குச்சியை எடுத்துக் கொடுப்பார். மொழியியல் படிக்கப் போன பிறகுதான், அக்கா அன்றாடம் செய்துவந்தது எவ்வளவு பெரிய ஆய்வுப் பொருள் என்பது எனக்கு விளங்கியது. குரலோடு ஒலிக்கும் 'பா' (ba) என்ற ஓசையை, 'கா' (ga) என்று அசையும் உதடுகளின் படத்தோடு சேர்த்துக் காட்டினால், பலருக்கு இரண்டிலும் இல்லாத 'டா' (da) என்ற ஓசை கேட்கிறது என்று மெகர்க், மெக்டொனால்ட் என்னும் இரண்டு உளவியலாளர்கள் 1976இல் எழுதினார்கள். பேச்சைக் கேட்பதில் கண்ணுக்கும் பங்கு உண்டு என்பதைத் தறிக்காரர்கள் தம் பிழைப்பிலேயே அறிந்திருந்தார்கள்.

அதே தறிதான் அவர்கள் காதையும் தேய்க்கிறது. விசைத்தறிக் கொட்டகையின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது வழக்கம். ஆண்டுக்கணக்கில் அதற்குள் நிற்பவருக்கு முதலில் குறைவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய கேள்திறன். மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் குறிப்புகள் பல அத்தகைய உயர்ந்த அதிர்வெண்களில் இருப்பதால் குரல் கேட்கும், சொல் தெளிவாகாது. "பேசுவது காதில் விழுகிறது, என்ன பேசுகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை" என்று அவர்கள் சொல்வது மிகத் துல்லியமான நோய்க்குறிப்பு. இதில் செவியைப் பார்ப்பவர் மருத்துவர். இரைச்சலை அளப்பவர் பொறியாளர். எந்த எழுத்து எதனோடு மயங்குகிறது என்று சொல்ல வேண்டியவர் மொழியியலார். உதடு பார்த்துப் புரிந்துகொள்வதை விளக்க வேண்டியவர் உளவியலார். நால்வரும் தனித்தனியே கட்டுரை எழுதுகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் படிப்பதில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இன்று மலையேறி வந்தேன்.

துறைகள் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு, கேளாதவரின் செவிநரம்பை மின்துடிப்பால் தூண்டும் உட்செவிக் கருவியின் (cochlear implant) வரலாற்றைச் சொல்லலாம். மெல்போர்னில் கிரீம் கிளார்க் என்ற காது மருத்துவர் 1978இல் பல மின்முனைகள் கொண்ட கருவியை ஒருவருக்குப் பொருத்தினார். நத்தை ஓடுபோல் சுருண்ட உட்செவிக்குள், அதைக் கிழிக்காமல் மின்கம்பிக் கற்றையை நெடுந்தூரம் நுழைப்பது எப்படி என்பது அவரை வெகுநாள் வாட்டிய கேள்வி. ஒரு கடற்கரையில் கிடந்த சங்கின் சுருளுக்குள் புல்லின் தாளைச் செலுத்திப் பார்த்தார். நுனியில் துவண்டும் அடியில் விறைத்தும் இருந்த புல் தடங்கலின்றி உள்ளே போயிற்று; கற்றையையும் அப்படியே செய்தால் போதும் என்று கண்டார். இந்தக் கதையைப் பலர் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த கட்டம். கற்றை உள்ளே போய்விட்டது, சரி. அதன் வழியே எதை அனுப்புவது? பேச்சொலி முழுவதையும் சில மின்முனைகளில் அடைக்க முடியாது. தொண்டையும் வாயும் குரலில் வலுப்படுத்தும் ஒத்ததிர்வுகளுள் (formants) உயிரொலிகளைப் பிரித்தறிய மிகவும் உதவுவது எது என்று ஒலியியலார் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டாம் ஒத்ததிர்வையும் குரலின் அடிப்படை அதிர்வையும் மட்டும் பிரித்தெடுத்து அவருடைய குழு அனுப்பியது. கத்தி பிடித்த கைக்கு ஒலியியல் துணை நின்றதால்தான் ஓசை சொல்லாயிற்று.

இன்று நம் மாநிலத்தில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஏழைக் குழந்தைகளுக்கும் இந்தக் கருவி கிடைக்கிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை பேசப் பழக வேண்டும். நாம் கோட்டைவிடுவது அங்கேதான். ஓரிடத்தில் நான் உடனிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டார்கள். நான்கு வயதுச் சிறுமி "இல்லு" என்றாள். அவள் 'இல்லை' என்று மறுப்பதாக எண்ணித் தவறு என்று குறித்துக்கொண்டார்கள். அவள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கில் வீட்டுக்கு 'இல்லு' என்றே பெயர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் தாயைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் உருதும் புழங்கும் ஊரில் இந்தப் பிழை ஒரு குழந்தையோடு நின்றிருக்குமா?

தமிழ் பேசும் குழந்தைக்கும் சோதனைச் சொற்கள் பொருந்துவதில்லை. ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து குரல்நாண் அதிர எழும் ஒலிப்புடை 'ப'வையும் (ba) அதிராமல் எழும் ஒலிப்பிலா 'ப'வையும் (pa) பிரித்தறியச் சொல்கிறோம். அந்த வேறுபாடு தமிழில் பொருளை மாற்றாது. மாற்றுபவை மலையும் மாலையும், வலியும் வளியும் வழியும். இவற்றைச் சோதிக்கும் ஒலிப்பதிவு நம் வட்டாரப் பேச்சில் வேண்டும். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தமிழுக்கும் அதில் இடம் வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் பேச்சு, மொழி, ஒலி ஆகிய மூன்றையும் ஆராய்வோரை இணைத்து, அரசு நிதியில் ஓர் ஆய்வு வலையமைப்பை நடத்தினார்கள். நமக்கு அந்த அளவு நிதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. நமக்குள் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது 'கேட்கிறது' என்ற ஒரு சொல்லை. மருத்துவருக்கு அது கருவியின் ஓசைக்குக் கை தூக்குவது. ஆசிரியருக்குப் பெயர் சொன்னால் திரும்புவது. எனக்கு மலையையும் மாலையையும் பிரித்தறிவது. தாய்க்கோ சொன்ன பேச்சைக் கேட்பது. ஒரே குழந்தையைப் பற்றி நால்வரும் இந்தச் சொல்லை எழுதும்போது, எந்தப் பொருளில் எழுதினோம் என்று சேர்த்தே குறிப்போம்.

தொடக்க வேலையாகத் தறிக்காரர்களின் செவியைச் சோதித்து, அவர்கள் இசைவோடு பேச்சையும் பதிவு செய்யலாம். இரைச்சலிலிருந்து விலகிப் பதினான்கு மணி நேரமாவது ஆன பிறகே செவியை அளக்க வேண்டும் என்பார்கள் செவித்திறன் வல்லுநர்கள். இல்லையென்றால் தற்காலிகக் களைப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். எங்கள் பக்கம் அமாவாசையன்று பலர் தறி ஓட்டுவதில்லை. அதற்கு மறுநாள் விடியற்காலை, தறி ஓடத் தொடங்கும் முன் போனால் சரியாக இருக்கும். தெருவில் முன்கூட்டியே சொல்லி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். கருவிகளோடு யார் யார் வருகிறீர்கள் என்பதை இன்று மாலைக்குள் சொல்லுங்கள்.