கவுண்டருக்குப் பின்னால் நின்றவரும் கறுப்புப் பட்டியலும்

நண்பர்களே, வணக்கம்.

குடியால் கெட்டுப்போகிறவரைக் காப்பாற்றச் சட்டம் போட்டுவிடலாம். ராத்திரி பத்து மணிக்கு, கூட்டம் நெரியும் கடையில், அதை நடைமுறைப்படுத்தப்போவது யார்? கவுண்டருக்குப் பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிற ஆள். அவரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடிகிற விதி எடுபடும், முடியாதது காகிதத்தோடு நின்றுவிடும். இங்கிலாந்து நூறாண்டுக்கு முன்னால் இரண்டையும் செய்து பார்த்தது.

1901இல் குழந்தைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. அப்பாவுக்குப் பீர் வாங்கப் பிள்ளைகள் கூஜாவோடு போவது அங்கே வழக்கம். வரும் வழியில் இரண்டு வாய் குடித்துவிடுவதும் வழக்கம்தான். 14 வயதுக்குக் குறைந்தவரிடம் கொடுப்பதானால் ஒரு பைன்டு அளவுக்குக் குறையாமல், மூடி முத்திரையிட்ட பாட்டிலில்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். முத்திரை என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்லிவிட்டது: எதைச் சிதைக்காமல் மூடியைத் திறக்க முடியாதோ, அது. அரக்கோ ஒட்டிய காகிதமோ, எதுவானாலும் சரி. வீட்டில் பாட்டிலை வாங்கிப் பார்க்கிறவருக்கே தெரிந்துவிடும், பையன் வழியில் கைவைத்தானா என்று. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரியான விதி.

இனிப் பெரியவர்களுக்கு வருவோம். கடைக்குள் போதையை அனுமதித்தாலோ, போதையில் இருப்பவருக்கு விற்றாலோ முதல் முறை 10 பவுண்டு, அடுத்த முறை 20 பவுண்டு வரை அபராதம் என்று 1872லேயே சட்டம் இருந்தது. கடைக்காரர் தப்பிக்க ஒரே பதில் போதும்: “நான் கவனிக்கவில்லை.” 1902 சட்டத்தின் நான்காம் பிரிவு அந்தக் கதவை அடைத்தது. கடைக்குள் ஒருவர் போதையில் இருந்தது நிரூபணமானால், போதையை அனுமதித்த குற்றத்துக்கு ஆளாகாதிருக்க, அதைத் தடுக்க நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தோம் என்று கடைக்காரர்தான் காட்ட வேண்டும். மாஜிஸ்திரேட்டுகள் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கூடி லைசென்ஸைப் புதுப்பித்தால்தான் பிழைப்பு. பல கடைகள் மதுத் தொழிற்சாலைகளுக்குச் சொந்தம் என்பதால், லைசென்ஸ் போனால் முதலாளியின் கட்டடமே வெறும் செங்கல். ஆகவே அபராதத்தைவிட அந்தப் பிப்ரவரிக் கூட்டத்துக்குத்தான் அவர்கள் நடுங்கினார்கள்.

அதே சட்டத்தின் ஆறாம் பிரிவில்தான் கறுப்புப் பட்டியல் பிறக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்குள் குடிவெறிக்காக மூன்று முறை தண்டனை பெற்று, நான்காம் முறையும் சிக்கியவரை, வழக்கமாகக் குடிப்பவர் என்று தெரிந்தால், சீர்திருத்த இல்லத்துக்கு மூன்றாண்டு வரை அனுப்பலாம் என்றது 1898ஆம் ஆண்டுச் சட்டம். அப்படி அனுப்பத் தக்கவரைப் பற்றி, அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், போலீசுக்குத் தகவல் தர வேண்டும் என்றது 1902 சட்டம். மூன்றாண்டுக்கு அவர் லைசென்ஸ் கடையில் மது வாங்க முயன்றாலே முதல் முறை 20 ஷில்லிங் (அதாவது ஒரு பவுண்டு), அடுத்து 40 ஷில்லிங் வரை அபராதம். யார்க் நகரில் ஐந்து பேர் குடும்பம் வாரம் 21 ஷில்லிங் 8 பென்ஸ் இருந்தால்தான் உயிர்பிழைக்கும் என்று 1899இல் கணக்குப் போட்டார்கள். அதை வைத்து அந்த 20 ஷில்லிங்கின் கனத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தெரிந்தே விற்ற கடைக்காரருக்கு 10 பவுண்டு, பிறகு 20.

பர்மிங்காமில் இந்தக் கறுப்புப் பட்டியல் தாள்கள் எப்படி இருந்தன? ஆளின் புகைப்படம், பெயர், மாற்றுப் பெயர், வீடு, வேலை செய்யும் இடம், வயது, உயரம், உடல்வாகு, முடி, கண், மூக்கின் வடிவம், முகத்தின் வடிவம், தழும்பு, கிருதா, மீசை எனக் கட்டம் கட்டமாக அச்சடித்து மதுக்கடைகளுக்குக் கொடுத்தார்கள். மீசைக்குத் தனிக் கட்டம்! சவரக்கத்தி இருப்பதைப் பட்டியல் போட்டவர்கள் மறந்துவிட்டார்கள் போல.

கோளாறு அங்கே மட்டும் இல்லை. தகவல் போவது தண்டித்த நீதிமன்றம் இருக்கும் போலீஸ் எல்லைக்குள்தான். எல்லை தாண்டினால் அவர் யாரோ ஒருவர். கடைக்காரர் மீது வழக்குப் போட “தெரிந்தே விற்றார்” என்பதைப் போலீஸ் நிரூபித்தாக வேண்டும். புகைப்படத்தை நன்றாக மனதில் பதித்துக்கொண்ட பணியாளுக்குத்தான் ஆபத்து. புரட்டியே பார்க்காதவர் நிம்மதி! இப்படிப்பட்ட விதி யாரை முகம் பார்க்கத் தூண்டும்?

பட்டியலில் ஏறியவர்கள் தெருவில் விழுந்து பிடிபட்ட ஏழைகள். சீர்திருத்த இல்லங்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்கே பெட்டி பெட்டியாக ஒயின் வரவழைத்துக் குடித்தவர் எத்தனை மோசமாகக் குடித்தாலும் மூன்று முறை காவலரிடம் சிக்கப்போவதில்லை.

போதையில் இருப்பவருக்கு விற்பது இங்கிலாந்தில் இன்றும் குற்றம். 2003ஆம் ஆண்டு லைசென்ஸ் சட்டத்தின் 141ஆம் பிரிவு. படித்துப் பாருங்கள், அதிலும் அந்தத் “தெரிந்தே” உட்கார்ந்திருக்கிறது.