மலை வீட்டுக்கு எந்தக் கணப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் பலர் கைப்பேசியில் ஒரு படத்தோடு என்னிடம் வருகிறார்கள். கருங்கல் பதித்த சுவர், மேலே தேக்குப் பலகை, நடுவில் கொழுந்துவிட்டு எரியும் நெருப்பு. "இதே மாதிரி ஃபயர் பிளேஸ் வேண்டும்" என்பார்கள். நான் முதலில் கூரையைப் பற்றித்தான் கேட்பேன். ஓடா, ஷீட்டா, கான்கிரீட்டா? மோடு, அதாவது கூரையின் உச்சி, எவ்வளவு உயரம்? பக்கத்தில் கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்) வீட்டைவிட உயரமாக நிற்கின்றனவா? அவர்கள் கேட்கும் கணப்பு வீட்டைச் சூடாக்குமா, புகையால் நிரப்புமா என்பதைத் தீர்மானிக்கிற பகுதி அந்தப் படத்தில் தெரியாது. அது புகைபோக்கி.

சூடான காற்று மேலே ஏறும்போது புகையையும் கூட்டிக்கொண்டு போகிறது. குழாய் உயரமாக, உட்புறம் சூடாக இருந்தால் இழுப்பு நன்றாக இருக்கும். ஊட்டி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர். சமவெளியைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் இழுப்பும் குறைகிறது. கணப்பு வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு புகைபோக்கிக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. நம் மலையின் உயரத்துக்கு எட்டில் ஒரு பங்காக நான் வைப்பேன். வாய் 3 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால், குழாயின் உள்ளளவு 1 அடிக்கு 1 அடி இருக்க வேண்டும். புகைபோக்கியின் உயரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்திலிருந்து 3 அடியாவது எழும்ப வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும்.

கோத்தகிரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அழகான கணப்பு, நல்ல கல் வேலை. ஆனால் சாயங்காலம் பற்றவைத்தால் கூடம் முழுக்கப் புகை. ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகைபோக்கியின் தொண்டைக்கு, அதாவது கணப்புக்கு மேலே அது குறுகும் இடத்துக்கு, நேரே பிடித்துப் பார்த்தோம். தழல் மேலே எழும்பவில்லை, எங்கள் முகத்துப் பக்கம் சாய்ந்தது. சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, ஒரு ஜன்னலை விரலளவு திறந்தோம். தழல் நிமிர்ந்தது. பூட்டிய வீட்டில் அந்த மின்விசிறி தனக்கு வேண்டிய காற்றைப் புகைபோக்கி வழியாகவே கீழே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் வெளியே போய்ப் பார்த்தால், புகைபோக்கி வெளிச்சுவரில், கூரை மோட்டுக்கும் கீழேயே முடிந்திருந்தது. மோட்டைத் தாண்டி உயர்த்திக் கட்டினோம். முகப்பின் மேல் விளிம்பில் ஆறங்குலத்துக்கு ஓர் இரும்புத் தகடு அடித்து வாயைச் சிறிதாக்கினோம். புகை நின்றது.

வெளிச்சுவரில் கட்டாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். வெளியே பனியில் நிற்கும் குழாய் சூடாகவே நேரம் எடுக்கும். 1822-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியதற்குப் பிறகு, இந்த மலையில் எழும்பிய பழைய பங்களாக்கள் சிலவற்றைப் பார்த்தால் தெரியும். கணப்பு வீட்டின் நடுச்சுவரில் இருக்கும். இரண்டு அறைகளின் கணப்புகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க, மேலே ஒரே புகைபோக்கித் தூண். நெருப்பு அணைந்த பிறகும் அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும்.

திறந்த கணப்புதான் வேண்டும் என்றால் ஆழமாகக் கட்டாதீர்கள். ரம்ஃபோர்டு என்ற அறிஞர் 1796-இல் இதைப் பற்றி எழுதிய அளவுகள் இன்றைக்கும் நிற்கின்றன. முகப்பு 3 அடி என்றால் பின்சுவர் 1 அடி, ஆழமும் 1 அடி. பக்கச் சுவர்கள் விரிந்து வர வேண்டும், தொண்டை 4 அங்குலம் போதும். ஆழம் குறைந்தால் புகை வெளியே வரும் என்று மேஸ்திரிகள் பயப்படுவார்கள். தொண்டை சரியாக இருந்தால் வராது. விரிந்த சுவர்கள் அனலை அறைக்குள் திருப்பிவிடும்.

அப்படிக் கட்டினாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில், ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. வழக்கமான திறந்த கணப்பில் அதில் அரை யூனிட் அளவுதான் அறைக்கு மிஞ்சும். மற்றதெல்லாம் வானத்துக்கு. கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு அடுப்பு இருக்கிறதே, அது இரண்டரை யூனிட்டுக்கு மேல் அறைக்கே கொடுக்கும். காற்றை நாமே கூட்டிக் குறைக்கலாம், பொறி தெறித்துக் கம்பளம் எரியாது. ஆனால் இரும்பு சுடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சுற்றிலும் ஒரு கம்பித் தடுப்பு கட்டாயம். வருடம் முழுக்க மலையிலேயே வாழ்கிற குடும்பம், வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால், தயங்காமல் இதையே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மார்கழி, தை இரவுகளில் அதன் அருமை தெரியும். விடுமுறைக்கு மட்டும் வந்து போகிற வீடு, நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்றால், திறந்த கணப்பு சரி.

புகைபோக்கி வைக்கவே வழியில்லாத அடுக்குமாடி வீட்டுக்கு மின்சாரக் கணப்பு நல்லது. 2,000 வாட் என்றால் மணிக்கு 2 யூனிட். புகைபோக்கி இல்லாமல் எரியும் எரிவாயுக் கணப்பையும் எத்தனால் கணப்பையும் நான் பரிந்துரைப்பதில்லை. எரியும்போது வரும் நீராவி அறைக்குள்ளேயே தங்கும். ஏற்கெனவே ஈரம் கசியும் நம் சுவர்களில் பூஞ்சணம் பிடிக்க அது போதும். எரிந்த காற்றும் அறையை விட்டு வெளியேறாது.

கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது இன்னும் மோசம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்கு அடக்கமாக இருக்கிறதே என்று கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் அடிக்கடி படிக்கிறோம். தங்கும் விடுதி நடத்துகிறவர்கள், விருந்தினர் கேட்டாலும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். கணப்பு உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டிவிடுங்கள். தணல் முழுதும் அணையும் முன்னே புகைபோக்கியை அடைக்கும் தகட்டை மூடவும் கூடாது.

விறகைப் பற்றியும் கொஞ்சம். சீகை (வாட்டில்), கற்பூர மரம், தேயிலைக் கட்டை எல்லாமே நன்றாக எரியும், காய்ந்திருந்தால். பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம். நெருப்பு தன் சூட்டையெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே செலவழிக்கும். புகையும் குளிர்ந்து, குழாயின் உட்புறம் தார் போலப் படியும். ஒருநாள் அந்தப் படிவே தீப்பிடித்துக் கூரை மரத்துக்குப் போகும். விறகைப் பிளந்து, மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றுப் பட அடுக்கி ஒரு வருடம் விடுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் இன்னும் காயவில்லை.

பழைய பங்களா வாங்கியிருக்கிறவர்கள், பல வருடம் கிடந்த கணப்பைச் சும்மா பற்றவைத்துவிடாதீர்கள். மேலே பறவைக்கூடு இருக்கலாம், உள்பூச்சு உதிர்ந்து கல் இடுக்கு வழியாகப் புகை மேல்மாடி அறைக்குப் போகலாம். பனிக்காலம் தொடங்கும் முன், ஐப்பசியிலேயே ஆள் வைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிடுங்கள். அந்தச் சமயத்தில் புகைபோக்கியின் உச்சியில் மழைத் தொப்பியும் வலையும் நன்றாக இருக்கின்றனவா என்று அவரையே ஏறிப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.