பணம் கொடுப்பவருக்கு யார் மார்க் போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

அறிவியல் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற தேசிய நிறுவனம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். வீட்டில் சொன்னேன். "இதை யாருங்க கேப்பாங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி, நடுநடுவே புரபோசல் எழுதி, அனுப்பி, காத்திருந்து, கடைசியில் ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவனுக்கு இதைவிட ருசியான தலைப்பு கிடையாது. அவர்கள் எனக்கு மார்க் போட்டது போதும், இன்றைக்கு நான் போடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். ஒரு பேராசிரியருக்கு ஏதோ ஒரு கேள்வி தோன்றுகிறது. அதைச் செய்து பார்க்கக் கருவி வேண்டும், ரசாயனம் வேண்டும், கூட வேலை செய்ய ஜே.ஆர்.எஃப். என்று ஒரு ஆராய்ச்சி மாணவர் வேண்டும். இத்தனைக்கும் கல்லூரி பணம் தராது. ஆகவே இருபது முப்பது பக்கத்துக்குத் திட்டம் எழுதி டெல்லிக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதே துறை ஆட்கள் சிலர் படித்துப் பார்த்து, சரி என்றால் பணம் வரும். நம் நாட்டில் ரொம்ப காலம் இதை எஸ்.இ.ஆர்.பி. என்கிற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் செய்தது, எங்கள் வட்டாரத்தில் செர்ப் என்போம், 2008இல் அதற்குச் சட்டம் வந்தது. 2023இல் புதுச் சட்டம் போட்டு, செர்ப்பை உள்ளே இழுத்துக்கொண்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை என்று ஒன்றை உருவாக்கினார்கள். சுருக்கமாக ஏ.என்.ஆர்.எஃப். இதன் ஆட்சிக் குழுவுக்குத் தலைவர் பிரதமர். முதல் கூட்டம் 2024 செப்டம்பர் 10 அன்று நடந்தது. 2023 முதல் 2028 வரை ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 14,000 கோடிதான் அரசுப் பணம், மீதி 36,000 கோடி தனியார் நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் என்று வெளியிலிருந்து வரவேண்டும். வந்தால் சந்தோஷம். 2020-21இல் நாடு முழுவதும் ஆராய்ச்சிக்குச் செலவழித்ததே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான், அதில் தனியார் பங்கு பாதிகூட இல்லை.

சரி, இப்படி ஒரு நிறுவனம் நன்றாக நடக்கிறதா என்று யாராவது கேட்டால் வழக்கமாக என்ன காட்டுவார்கள்? இத்தனை திட்டம் கொடுத்தோம், இத்தனை கோடி செலவானது, இத்தனை ஆய்வுக் கட்டுரை, இத்தனை பி.எச்டி., இத்தனை காப்புரிமை. ஆண்டறிக்கையில் வண்ண வண்ணமாகப் பட்டை போட்டிருக்கும். எல்லாப் பட்டையும் போன வருடத்தைவிட உயரமாக இருக்கும்.

கட்டுரை எண்ணுவதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். எண்ணினால் கட்டுரைதான் கிடைக்கும். ஒரே சோதனையை நாலாகப் பிய்த்து நாலு கட்டுரை போடுவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது, நல்ல ஆராய்ச்சி மூன்று வருடத்தில் தன் முகத்தைக் காட்டாது.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. 1960களில் தாமஸ் பிராக் என்கிற நுண்ணுயிரியலாளர் அந்தக் கொதிக்கிற தண்ணீரில் ஏதாவது உயிர் வாழ்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். பணம் கொடுத்தது அவர்களுடைய தேசிய அறிவியல் அறக்கட்டளை, அதாவது என்.எஸ்.எஃப். ஒரு பாக்டீரியா கிடைத்தது, 1969இல் அதைப் பற்றிக் கட்டுரை வந்தது. அந்த வருடம் ஒரு தணிக்கை அதிகாரி அவரிடம் போய், ஐயா இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? அந்த பாக்டீரியாவின் நொதி சூட்டில் கெடாது. பின்னால் 1980களில், துளி டி.என்.ஏ.வைப் பல மடங்காகப் பெருக்குகிற பி.சி.ஆர். என்ற முறை வந்தபோது, அதை எல்லா ஆய்வகத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த நொதிதான். கொரோனா காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டார்களே, அந்தச் சோதனைக்கும் இந்த வெந்நீர் ஊற்றுக்கும் நேரான உறவு. ஐம்பது வருடம் கழித்து.

அதே என்.எஸ்.எஃப்.பை 1975இல் வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டர் கேலி செய்தார். மக்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்று ஆராய 84,000 டாலர் கொடுத்திருந்தார்கள், அதற்காக வீண் செலவு விருது என்று மாதாமாதம் ஒன்று அறிவிக்க ஆரம்பித்து முதல் விருதை இவர்களுக்கே கொடுத்தார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். திட்டத்தின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சிரிக்கிற வழக்கம் அப்போது சூடுபிடித்தது, இன்னும் அணையவில்லை. இதற்குப் பதிலடியாக 2012இல் பொன் வாத்து விருது என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், பைத்தியக்காரத்தனம் மாதிரி தோன்றிப் பெரும் பயன் தந்த ஆராய்ச்சிகளுக்கு. அடுத்த வருடமே பிராக்கின் வெந்நீர் ஊற்று வேலைக்குக் கொடுத்தார்கள்.

அப்படியானால் ஐம்பது வருடம் காத்திருந்துதான் மார்க் போடவேண்டுமா? அதுதான் இல்லை. ஆராய்ச்சி என்ன தரும் என்பது நிறுவனத்தின் கையில் இல்லை. அதன் கையில் இருப்பது கடிகாரம். எப்போது பதில் சொல்கிறது, எப்போது பணம் அனுப்புகிறது, இல்லை என்றால் எப்படி இல்லை என்கிறது. இதையெல்லாம் அந்த வருடமே அளந்துவிடலாம்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். யார் பணம் என்று சொல்லப் போவதில்லை, அந்தக் காலத்து ஆட்கள் இப்போது அங்கே இல்லவும் இல்லை. ஒரு ஜூன் மாதம் திட்டம் அனுப்பினேன். ஒப்புதல் கடிதம் வந்தது அதற்கு அடுத்த வருடம் ஆகஸ்டில். முதல் தவணை கல்லூரிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி மூன்றாவது வாரம். மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், நாங்கள் யூ.சி. என்போம், அது போகாவிட்டால் அடுத்த தவணை வராது. எனக்கு வேண்டியது ஒரு ரோட்டரி எவாப்பரேட்டர், கரைப்பானை ஆவியாக்கிப் பிரிக்கிற கருவி. மூன்று கொட்டேஷன் வாங்கி, கொள்முதல் குழு கூடி, ஆர்டர் போட்டால் எட்டு வாரம் ஆகும் என்றார் டீலர். ஐந்து வாரம்தான் இருந்தது. என்ன செய்வது? அந்த டீலரிடம் ஸ்டாக்கில் இருந்த ஹெக்சேன், அசிட்டோன், குடுவை, புனல் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினோம். அடுக்க இடமில்லாமல் துறைத்தலைவர் அறையிலும் இரண்டு பெட்டி வைத்தோம், அவருக்கு வாசனையில் தலைவலி. ஜே.ஆர்.எஃப்.ஆக எடுக்கலாம் என்று பேசி வைத்திருந்த பெண், காத்திருந்து பார்த்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நல்ல கை. நான் திட்டுவதற்கு வாய்ப்பே தராமல் வேலை செய்பவள்.

இது அறிக்கையில் எப்படி வந்தது தெரியுமா? ஒதுக்கிய நிதியில் நூறு சதவீதம் பயன்படுத்தப்பட்டது. நான் கையெழுத்துப் போட்ட யூ.சி. அப்படித்தான் சொன்னது, அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

என்.எஸ்.எஃப். இதில் ஒரு காரியம் செய்கிறது, ரொம்ப சாதாரணமான காரியம். வந்த விண்ணப்பங்களில் நான்கில் மூன்றுக்காவது ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லிவிட வேண்டும் என்று தனக்கே ஒரு இலக்கு வைத்து, எட்டினோமா இல்லையா என்று வருடாவருடம் வெளியில் சொல்கிறது. அப்புறம் நிராகரிப்பு. ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான் அங்கே தேறும், மற்றவர்களுக்கு இல்லை என்ற பதில்தான். ஆனால் அந்த இல்லையோடு மதிப்பீட்டாளர்கள் எழுதியதை, பெயரை மட்டும் மறைத்து, எழுதியது எழுதியபடி அனுப்புகிறார்கள். எனக்கு வாழ்க்கையில் வந்த நிராகரிப்புகள் சிலவற்றில் ஒரே வரிதான், பரிந்துரைக்கப்படவில்லை. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ஜாதகம் சரியில்லை என்று சொல்லி அனுப்புவது மாதிரி. எதைத் திருத்துவது? அடுத்த வருடம் அதே தப்போடு அதே திட்டம் திரும்பப் போகும், அதைப் படிக்க இன்னும் இரண்டு பேர் நேரம் வீணாகும்.

நேரம் என்றதும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு 2012இல் 3,727 விண்ணப்பங்கள் போயின. அவற்றை எழுத ஆராய்ச்சியாளர்கள் செலவழித்த நேரத்தைச் சிலர் கூட்டிப் பார்த்தார்கள், மொத்தம் சுமார் 550 மனித வருடம் வந்தது. அவற்றில் ஐந்தில் நான்கு தேறவில்லை. இந்தச் செலவு எந்த ஆண்டறிக்கையிலும் வராது, ஏனென்றால் அது நிறுவனத்தின் பாக்கெட்டிலிருந்து போகவில்லை.

நிராகரித்ததையும் திரும்பிப் பார்க்க வேண்டும். பின்னால் கொரோனா தடுப்பூசிக்கு வழி செய்த எம்.ஆர்.என்.ஏ. பற்றி கத்தலின் கரிக்கோ என்கிற விஞ்ஞானி எழுதிய விண்ணப்பங்கள் 1990களில் திரும்பத் திரும்பத் தள்ளப்பட்டன, 1995இல் பல்கலைக்கழகம் பதவியையே இறக்கியது, 2023இல் அவருக்கு நோபல். தள்ளியவர்கள் எல்லாம் முட்டாள்கள் இல்லை, அன்றைக்கு அது நம்பும்படி இல்லை, அவ்வளவுதான். ஆனால் பத்து வருடத்துக்கு ஒருமுறை தள்ளிய பட்டியலிலிருந்து ஒரு நூறை எடுத்து, அவர்கள் வேறெங்காவது பணம் வாங்கி என்ன செய்தார்கள் என்று பார்த்தால் தன் கண்ணாடியில் எங்கே கீறல் என்று நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் முடிந்துபோன திட்டங்களை எடுத்து வெளி நிபுணர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது, கட்டுரை எண்ணாமல் உண்மையிலேயே புதிதாக ஏதாவது தெரிந்ததா என்று மட்டும் கேட்கிறது. அது நல்ல வழிதான். தள்ளியதையும் அப்படிப் படிக்கலாம் என்கிறேன்.

இனி யாருக்குப் போகிறது என்பது. 2016 முதல் 2022 வரை செர்ப் கொடுத்த பணத்தில் சுமார் 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்குப் போனது, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு 11 சதவீதம்தான் என்று ஒன்றிய அரசின் தரப்பிலேயே சொன்னார்கள். ஐ.ஐ.டி.கள் 23, மாநிலப் பல்கலைக்கழகங்கள் நானூறுக்கு மேல். நான் மாநிலப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிக்காரன், எனக்கு எரியத்தான் செய்யும். ஆனாலும் இந்த எண்ணை வைத்து மட்டும் சண்டை போடமாட்டேன். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று தெரியாமல் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பதை வைத்து என்ன செய்வது? விண்ணப்பம் வந்தும் தள்ளினார்களா, விண்ணப்பமே வரவில்லையா? வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பு, அப்புறம் தேர்வுத்தாள், அப்புறம் கல்லூரிக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறது என்று சுவருக்குப் பெயின்ட் அடிப்பதை மேற்பார்வை பார்ப்பது, இதற்கு நடுவில் முப்பது பக்கம் எழுது என்றால் எத்தனை பேர் எழுதுவார்கள்?

ஏ.என்.ஆர்.எஃப். இதற்காக 'பேர்' (PAIR) என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது, பெரிய நிறுவனம் ஒன்று அச்சாக, சிறிய பல்கலைக்கழகங்கள் சில ஆரங்களாக, சக்கரம் மாதிரி. யோசனை நல்லது. இதை மதிப்பிட நான் கையெழுத்தான ஒப்பந்தங்களை எண்ணமாட்டேன், அச்சு நிறுவனத்தில் மூலக்கூறின் அமைப்பைக் காட்டுகிற என்.எம்.ஆர். கருவியை யார் எப்போது பயன்படுத்தினார் என்று எழுதும் லாக் புத்தகத்தைத்தான் கேட்பேன். ஆரத்திலிருந்து வந்த மாணவர் பெயர் அதில் எத்தனை முறை இருக்கிறது, அவருடைய சாம்பிளை முதலில் போட்டார்களா, சொந்த மாணவர்கள் எல்லோரும் முடித்தபிறகு ராத்திரி இரண்டு மணிக்குப் போட்டார்களா.

எல்லாப் பழியையும் நிறுவனத்தின் தலையில் போடுவதும் சரியில்லை. என் எவாப்பரேட்டர் வராததற்குப் பாதிக் காரணம் கொள்முதல் விதி, அது நிதி அமைச்சகத்தின் வேலை. 2025 ஜூனில் மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அதைத் தளர்த்தினார்கள், கொட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் ஆனது, கொள்முதல் குழு வழியாக வாங்குவது 10 லட்சத்திலிருந்து 25 லட்சம். ஆகவே கடிகாரத்தை வைக்கும்போது யார் மேசையில் எத்தனை நாள் என்று பிரித்து வைக்க வேண்டும்: மதிப்பீட்டாளரிடம் இவ்வளவு, டெல்லியில் நிதிப் பிரிவில் இவ்வளவு, எங்கள் கல்லூரி அலுவலகத்தில் இவ்வளவு. கடைசியாகச் சொன்னதில் எங்கள் ஆட்கள் தலைகுனிய வேண்டியிருக்கும், இருக்கட்டும்.

அமெரிக்காவைப் புகழ்ந்தேன், அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020 முதல் என்.எஸ்.எஃப்.பின் இயக்குநராக இருந்தவர் சேதுராமன் பஞ்சநாதன், சென்னை விவேகானந்தா கல்லூரியில் இயற்பியல் படித்தவர். 2025 ஏப்ரலில் பதவி விலகினார். அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் ஏற்கெனவே கொடுத்து, வேலை நடந்துகொண்டிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் பாதியில் ரத்தாயின, எந்த மதிப்பீட்டாளரும் மோசம் என்று சொல்லாமலே. எழுபத்தைந்து வருடமாகக் கட்டிய மதிப்பீட்டு முறையை மேலிருந்து ஒரு உத்தரவு தாண்டிப் போய்விட்டது. பிரதமரே தலைவராக இருக்கிற ஏ.என்.ஆர்.எஃப்.பில் மேலிடத்துக்குப் பிடிக்காத முடிவை யார் எழுதுவார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தலைவர் யார் என்பதைவிட, நிபுணர் குழு பரிந்துரைத்த வரிசையும் கடைசியில் பணம் போன வரிசையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க முடிந்தால் எனக்குப் போதும். இரண்டு பட்டியலையும் பெயர் மறைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட என்ன தடை?

2028இல் இந்த ஐந்து வருடம் முடியும், அறிக்கை வரும், பட்டைகள் உயரமாக இருக்கும். நான் தேடப்போவது ஒரே ஒரு அட்டவணை. விண்ணப்பம் வந்த தேதி, பதில் போன தேதி, முதல் தவணை கல்லூரிக் கணக்கில் விழுந்த தேதி, ஜே.ஆர்.எஃப். கையில் முதல் மாத 37,000 ரூபாய் கிடைத்த தேதி. நாலு பத்தி, ஒரு பக்கம். இதற்குப் புது மென்பொருள்கூட வேண்டாம், எல்லாத் தேதியும் அவர்கள் கணினியிலேயே இருக்கிறது.

வணக்கம்.