அடிக்கிற கை அணைக்குமா? ஜப்பானியக் காதல் மாங்காக்களும் அவற்றின் வாசகர்களும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி, சொல்ல வேண்டியவற்றில் பாதியையாவது எனக்கு மிச்சம் வைத்த பேராசிரியர் ஐயா அவர்களே, மழையையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, நாற்காலி முதல் ஒலிபெருக்கி வரை அனைத்தையும் தங்கள் தோளில் சுமந்த வாசகர் வட்டத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னைக் 'காமிக்ஸ் பைத்தியம்' என்று அறிமுகப்படுத்தினார். அந்தப் பட்டத்தை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

மாங்கா என்னும் ஜப்பானியப் படக்கதைகளில், அவற்றுள்ளும் காதல் மாங்காக்களில் வரும் வன்முறை, வன்புணர்வு, குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமை ஆகியவற்றை வாசகர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. வாசகர் எதை மன்னிக்கிறார், எதை மன்னிக்க மறுக்கிறார், அரசு குறுக்கிட்டால் என்ன ஆகிறது என்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். மூன்றுக்கும் நேரம் போதுமா என்பது தலைவர் கையில் உள்ள மணியைப் பொறுத்தது.

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்பது நாம் கேட்டு வளர்ந்த பழமொழி. யோகோ காமியோ 1992இல் 'மார்கரெட்' இதழில் தொடங்கிய 'ஹனா யோரி டாங்கோ' இந்தப் பழமொழியின் மேலேயே எழுப்பப்பட்டதுபோல் தோன்றும். பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றில், டோமியோஜி என்ற செல்வந்தர் வீட்டுப் பையனின் கூட்டம் யாருடைய அலமாரியில் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறதோ, அவர்மேல் பள்ளியே பாயும். எளிய குடும்பத்திலிருந்து வந்த மாகினோ சுகுஷிக்கும் அந்தச் சீட்டு வருகிறது. அவளைத் துன்புறுத்த ஆள் ஏவியவனே பின்பு அவளை உயிராய் நேசிக்கிறான். 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் அச்சான இந்தக் கதை தைவானிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் தொலைக்காட்சித் தொடராகவும் ஆயிற்று.

இந்த டோமியோஜியால் ஒரு ரயில் பெட்டியே கலங்கியதை இங்கே சொல்லியாக வேண்டும். மதுரைக்குப் போகும் பகல் வண்டியில் என் அக்கா மகளும் அவள் தோழியும் என் எதிரே அமர்ந்து வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். "ஆள் வச்சு அவளை மிரட்டினவனை எப்படி நம்புறது?" என்கிறாள் ஒருத்தி. "அதெல்லாம் ஆரம்பத்துல. இப்ப அவளுக்காக வீட்டையே விட்டு வரத் தயாரா இருக்கான்" என்கிறாள் மற்றவள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "எந்த ஊர்ப் பையன்மா அவன்?" என்றார். "டோக்கியோ, பாட்டி." "உள்ளூர்ல மாப்பிள்ளை கிடைக்கலைன்னா அவ்வளவு தூரம் போகணும்?" என்று பாட்டி கேட்க, அந்த வழியாக வந்த டிக்கெட் பரிசோதகரும் நின்று, போலீசில் புகார் கொடுத்தாயிற்றா என்று விசாரிக்க, பெட்டியே எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. அவன் படக்கதையில் வருபவன் என்று விளக்குவதற்குள் திண்டுக்கல் வந்துவிட்டது. பாட்டி புத்தகத்தை வாங்கிப் படங்களை மட்டும் நிதானமாகப் பார்த்தார். "அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லித்தான் எங்கம்மா என்னைக் கட்டிக் கொடுத்துச்சு" என்றார். அணைத்ததா என்று என் அக்கா மகள் கேட்டாள். பாட்டி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டோமியோஜிக்காக வாதாடியவளிடம், இப்படி ஒருவனை மணப்பாயா என்று பின்னர் கேட்டேன். "கதையில் கடைசிப் பாகத்தைப் படித்துவிட்டேன், அவன் திருந்துவான் என்று தெரியும். நேரில் வருகிறவனுடைய கடைசிப் பாகம் யாரிடம் இருக்கிறது?" என்றாள். இளம் வாசகருக்குக் கதைக்கும் வாழ்க்கைக்கும் வேறுபாடு தெரியாது என்று அஞ்சுகிற பெரியவர்கள் இந்தப் பதிலைக் கேட்டிருக்க வேண்டும்.

வாசகர் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவதும் இல்லை. ரியோகோ இகேதாவின் 'வெர்சாய் ரோஜா'வில், ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட ஆஸ்கர் என்ற பெண்ணைக் காதலித்து, அவள் ஆடையைக் கிழித்து, ஒரு கட்டத்தில் அவளுக்கு நஞ்சு கொடுக்கவும் துணிகிற ஆந்த்ரேயை இன்றும் வாசகர்கள் கண்ணீரோடு நேசிக்கிறார்கள், ஏனெனில் அவன் தன் குற்றத்தைத் தானே உணர்ந்து நடுங்குகிறான். மோட்டோ ஹாகியோ 1992இல் தொடங்கிய 'கொடிய கடவுள் ஆள்கிறான்' தொடரிலோ, ஜெரமி என்ற சிறுவனைச் சிதைக்கும் மாற்றாந்தந்தைக்கு அந்த இடமே இல்லை. அங்கே அடிக்கிற கை அணைக்கிற பாவனையோடுதான் வருகிறது என்பதே கொடுமை. அவன் செத்த பின்பும் கதை பல பாகங்கள் நீள்கிறது, ஏனெனில் காயம் சாகவில்லை. இப்படிப்பட்ட படைப்புக்கு, மாங்காக்களுக்கு வழங்கப்படும் தெசுகா ஒசாமு பண்பாட்டுப் பரிசு நிறுவப்பட்ட 1997ஆம் ஆண்டிலேயே அதன் மேன்மை விருது கிடைத்தது. 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' தொடரில் தன் குடும்பத்தாரையே கொடுமைப்படுத்தும் குடும்பத் தலைமை அகிட்டோ மன்னிப்புக்கு உரியவரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குத் தனி மேடை வேண்டும்.

மணி அடித்துவிட்டதால் மூன்றாவதைச் சுருக்குகிறேன். 2010 டிசம்பரில் டோக்கியோ பெருநகர மன்றம், பாலியல் குற்றங்களை மெச்சிக் காட்டும் மாங்காக்களை 18 வயதுக்கு உட்பட்டோருக்கு விற்பதைக் கட்டுப்படுத்த விதியைத் திருத்தியபோது, பெரிய பதிப்பகங்கள் அடுத்த ஆண்டின் அனிமே, அதாவது ஜப்பானிய அசைபடக் கண்காட்சியைப் புறக்கணிப்பதாக அறிவித்தன. அந்த வழக்காடலுக்குள் நான் இப்போது புகவில்லை. வயதுக் குறிப்பு இருக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது பூட்டை. நான் போய்வரும் ஒரு நூலகத்தில் மாங்கா பாகங்கள் அத்தனையும் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. கேட்டால், பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்கிறார்கள். பிள்ளைகளோ அதே பக்கங்களைக் கைப்பேசியில், உடன் பேச ஒருவரும் இல்லாமல், பாதி இரவில் படிக்கிறார்கள். அந்தப் பாட்டிக்கு இளமையில் கிடைத்தது பழமொழி மட்டும்தான், அதைப் பற்றி வாதாட எதிர் இருக்கையில் ஒரு தோழி கிடைக்கவில்லை.

ஆகவே அம்மையார் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்: அலமாரியைத் திறந்து வையுங்கள், மாதம் ஒரு ஞாயிறு இளையோர் கூடிப் படித்ததைப் பேச ஓர் அறை கொடுங்கள். இதற்கான மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன், பேனாவும் அங்கேயே கட்டி வைத்திருக்கிறோம். வணக்கம்.