டேங்க் சாம்பிள் சுத்தம்னா ஹப்பும் சுத்தமா? | சி.பி.பி. பராமரிப்பு

வணக்கம் மக்களே! புதுசா வந்தவங்களுக்கு: சி.பி.பி.ன்னா பிளேடு கோணத்தை, அதாவது பிட்சை, ஓடும்போதே மாத்தற கப்பல் புரொப்பல்லர். பிளேடுகளைப் பிடிச்சிருக்கற நடுப்பகுதிதான் ஹப், அதுக்குள்ள ஆயில் இருக்கும். போன வீடியோல பிளேடு அடி சீல் பத்திப் பேசினோம்ல, அதுக்கப்புறம் வந்த கேள்வில பாதி ஒரே கேள்விதான். "ஆயில் ரிப்போர்ட் நார்மல். அப்போ டிரை டாக்ல, கப்பலைத் தண்ணி இல்லாம நிறுத்தி வேலை பாக்கறப்போ, ஹப்பைத் தொடாம விட்டுடலாமா?" எனக்கு எரிச்சல் கேக்கறவங்க மேல இல்ல. சாம்பிளை எங்கிருந்து, எப்படி எடுத்தாங்கன்னு ஒரு வரிகூட இல்லாத அந்த ரிப்போர்ட் மேலதான்.

பவர் பேக், அதாவது பிட்சை மாத்த ஆயிலை அழுத்தற பம்ப் யூனிட், அதோட டேங்க்ல இருக்கற ஆயில் நாள் முழுக்க ஃபில்டர் வழியா சுத்துது. ஹப்புக்குள்ள இருக்கறது அப்படி இல்ல. நிறைய டிசைன்ல பிட்ச் அசையும்போதுதான் அங்க கொஞ்சம் ஆயில் மாறும். கப்பல் நாள்கணக்கா ஒரே பிட்ச்ல போனா சீல் வழியா வந்த தண்ணி ஹப்லயே உக்காந்திருக்கும். டேங்க் சாம்பிள் தங்கம் மாதிரி மின்னும். அதை நம்பாதீங்க.

சரியான முறை இதுதான். ஆயில் வேலை செய்யற சூட்டுக்கு வரணும். முழு அஹெட் (முன்னாடி), முழு அஸ்டர்ன் (பின்னாடி)னு பிட்சை அஞ்சாறு தடவை ஓட்டுங்க. உடனே, பம்ப் ஓடிட்டிருக்கும்போதே, ஓ.டி. பாக்ஸ்ல (சுத்தற ஷாஃப்டுக்குள்ள ஆயிலை அனுப்பி வாங்கற பெட்டி) இருந்து திரும்பி வர லைன்ல, ஃபில்டருக்கு முன்னாடி எடுங்க. சாம்பிள் காக்ல முதல்ல வர ஆயிலை வேற பாத்திரத்துல விட்டுடுங்க, அது குழாய்ல தேங்கின பழசு.

இப்ப பாட்டில். என் பாட்டில் புலம்பல் உங்களுக்குத் தெரியும், இன்னொரு தடவை கேட்டுக்கோங்க. லேபுக்கு அவங்க குடுத்த பாட்டில் போகட்டும். கப்பல்ல வெச்சுப் பாக்க கண்ணாடி பாட்டில் மட்டும்தான். வெள்ளை பிளாஸ்டிக்ல அடியில நிக்கற தண்ணிக்கோடு தெரியவே தெரியாது. கழுவினா நல்லா காய வைங்க, இல்லன்னா நீங்களே தண்ணி சேத்த மாதிரி ஆயிடும். ராத்திரி முழுக்க அசைக்காம வெச்சு, காலைல டார்ச்சைப் பின்னாடி பிடிச்சு அடியைப் பாருங்க. சந்தேகம்னா 130 டிகிரிக்கு மேல சூடான ஹாட் பிளேட்ல ஒரு சொட்டு விடுங்க, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு. படபடன்னு பொரிஞ்சா தண்ணி இருக்கு. பொரியலன்னா தண்ணியே இல்லன்னு அர்த்தம் இல்ல, சுமார் 500 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 500 பங்கு) கீழ இந்தச் சோதனை காட்டாது.

ஆங், முன்னாடியே சொல்லியிருக்கணும்! பிட்சை ஓட்டறதுக்கு முன்னாடி கப்பலை ஓட்டற பிரிட்ஜ்ல சொல்லி அனுமதி வாங்குங்க. துறைமுகத்துல ஷாஃப்ட் நின்னிருக்கணும், கிளட்ச் விட்டிருக்கணும். ஷாஃப்ட் சுத்திட்டிருந்தா பிட்ச் மாறின உடனே கப்பல் கயிறை இழுக்கும். ஜீரோ பிட்ச்லயே கொஞ்சம் தள்ளு இருக்கும், அதை மறக்காதீங்க.

அடுத்தது ஹெட்டர் டேங்க், ஹப்புக்கு அழுத்தம் குடுக்க உயரத்துல வெச்ச ஆயில் டேங்க். ஹப்புக்குள்ள ஆயில் அழுத்தம் வெளிய கடல்நீர் அழுத்தத்தைவிடக் கூட இருக்கணும். ஆயில் தண்ணியைவிட லேசு. ஷாஃப்ட் சென்டர் 6 மீட்டர் ஆழத்துல இருந்தா, சமமாகறதுக்கே ஏறக்குறைய 7 மீட்டர் உயர ஆயில் வேணும். அதுக்கு மேல மார்ஜின். முழு லோடுல டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணில அமிழற ஆழம், கூடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. பவர் பேக்கை நிறுத்திட்டு ஹெட்டர் டேங்க் வால்வையும் மூடிட்டுப் போறாங்க பாருங்க, அது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தேஞ்ச சீல் வழியா தண்ணி உள்ள வர அதைவிட நல்ல வழியே இல்ல. டேங்க் லெவலை எப்பவும் ஒரே பிட்ச், ஒரே சூட்டுல குறிச்சு வைங்க. ஏறினா தண்ணி உள்ள வருதான்னு பாருங்க, இறங்கினா ஆயில் எங்க போகுதுன்னு தேடுங்க.

2013 அமெரிக்க வி.ஜி.பி.க்கு (கப்பல் கழிவு வெளியேற்ற அனுமதி விதி) அப்புறம் எஸ்டர் வகை இ.ஏ.எல்., அதாவது சுற்றுச்சூழலுக்கு ஏத்த ஆயில், போட்டிருக்கீங்களா? அது தண்ணியைக் கரைச்சு வெச்சுக்கிட்டுத் தெளிவாவே நிக்கும். கண்ணாடி பாட்டில்கூட ஏமாத்தும். தண்ணி பட்டா எஸ்டர் உடைஞ்சு அமிலம் உண்டாகும், அதனால லேப்ல தண்ணி அளவோட ஆசிட் நம்பரையும் கேளுங்க.

டிரை டாக்ல பிளேடைக் கழட்டினா ஓ-ரிங் புதுசுதான், பேச்சே இல்ல. பள்ளத்தோட விளிம்புல பிசிறு இருந்தா தேய்ச்சு எடுங்க, ரிங் முறுக்கிக்காம உக்காரணும். போல்ட்டுக்கு டை பெனட்ரன்ட் (சாயம் போட்டு விரிசல் தேடற சோதனை) பாத்துட்டு, மேனுவல் சொல்ற அதே பேஸ்ட்டைத் தடவுங்க. பேஸ்ட் மாறினா அதே டார்க்குல (இறுக்கற முறுக்குவிசை) போல்ட் இழுவிசை மாறிடும். எதிரெதிரா, படிப்படியா இறுக்குங்க.

அப்புறம் லீக் டெஸ்ட், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. பிளேடு அடியைச் சுத்தி ஆயில் இல்லாம துடைச்சு, வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரே அடிச்சு, மேனுவல் அழுத்தம் குடுத்து, பிட்சை முனையில இருந்து முனை வரைக்கும் ஓட்டுங்க. ஒரு துளி கசிஞ்சாலும் அந்த வெள்ளையில கறையாத் தெரியும். சில சீல் ஒரே ஒரு கோணத்துல மட்டும் கசியும், அதனால அவசரம் வேண்டாம். சாரம் பிளேடு பாதையில இருந்தா முதல்ல எடுக்கச் சொல்லுங்க!

பிளேடு கண்ணுக்குத் தெரியறது டிரை டாக்ல மட்டும்தான். ஹப் மேல இருக்கற ஜீரோ மார்க், ஓ.டி. பாக்ஸ் ஸ்கேல், கன்ட்ரோல் ரூம், பிரிட்ஜ், நாலு இடத்து ரீடிங்கையும் போட்டோவோட எடுத்து வைங்க. தண்ணி விட்டதுக்கப்புறம் ஃபீட்பேக் தப்பா காட்டுதான்னு பேச உங்க கையில வேற ஆதாரம் கிடையாது.

அடுத்த வீடியோ ஓ.டி. பாக்ஸ் உள் கசிவு. ஸ்டாண்ட்பை பம்ப் அடிக்கடி தானா ஓடுதுன்னா, எத்தனை தடவைன்னு இன்னைக்கே லாக்ல எழுத ஆரம்பிங்க.