பொது அரங்கு யாருக்குப் பொது?

நடுவர் அவர்களே, வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கித் தொடரின் முதல் சுற்றுகளைப் பொது அரங்கில் வைப்பதா, கல்லூரியின் சொந்தத் திடலில் வைப்பதா என்பதுதான் இன்றைய வழக்கு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, "யார் வீட்டிலும் வேண்டாம், பொதுவான இடத்தில் மோதிப் பார்க்கட்டும், அதுதான் நியாயம்" என்று சொல்லிப் பலத்த கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். நானும்தான் தட்டினேன். கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் பிரிவில் வருடத்துக்கு 16 அணிகள், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் தொடருக்குத் தேர்வாகின்றன, நாலு நாலாகப் பிரித்து நான்கு ஊர்களுக்கு அனுப்புகிறார்கள், ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊருக்கு ஒன்றாகத் தேறும் நான்கு அணிகள் 'ஃப்ரோசன் ஃபோர்' என்ற கடைசிக் கட்டத்துக்குப் போகும். அது பெரிய நகரத்தில் நடக்கட்டும், அதில் எனக்குச் சண்டையே இல்லை. என் சண்டையெல்லாம் முதல் இரண்டு சுற்றைப் பற்றி. அவற்றைத் தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரியின் சொந்தத் திடலில் வையுங்கள் என்கிறோம்.

இப்போது என்ன நடக்கிறது? அரங்கை முன்கூட்டியே ஏதோ ஒரு கல்லூரி ஏலம் கேட்டு எடுத்துக்கொள்கிறது, அந்தக் கல்லூரி தொடருக்குத் தகுதி பெற்றுவிட்டால் அதே ஊரில் அதை ஆடவிடுவார்கள், அது தரவரிசையில் எங்கே கிடந்தாலும் சரி. 2025-இல் பென்சில்வேனியா மாநிலத்து அலன்டவுனில் நடந்ததைப் பாருங்கள். அங்கே அனுப்பப்பட்ட நான்கு அணிகளில், தரவரிசைப்படி முதலிடம் மெய்ன் பல்கலைக்கழகம், நான்காமிடம் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். ஏலம் எடுத்தது யார்? பென் ஸ்டேட்! அவர்கள் ரசிகர்களுக்கு மூன்று மணி நேர கார் பயணம், அதுவும் சொந்த மாநிலத்துக்குள்ளேயே. மெய்ன் பல்கலைக்கழகம் இருக்கும் ஓரோனோவிலிருந்து வர வேண்டிய ரசிகனுக்கோ 700 கிலோமீட்டருக்கு மேல். யார் எந்த ஊரில் ஆடுவது என்ற பட்டியல் வெளியாவது ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் அடுத்து வரும் வார இறுதிக்குள், இதற்குள் லீவு போட்டு, ஓட்டல் பிடித்து, டிக்கெட் வாங்கி எத்தனை பேர் வந்துவிட முடியும், நீங்களே சொல்லுங்கள். பென் ஸ்டேட் 5-1 என்று மெய்னை வென்றது, அடுத்து கனெக்டிகட்டைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று முதல் முறையாக ஃப்ரோசன் ஃபோர் போனது. நன்றாக ஆடினார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குளிர்காலம் முழுக்க ஜெயித்து முதலிடம் பிடித்தவனை விருந்தாளியாக்கி, நான்காமிடத்தானை வீட்டுக்காரனாக்கிவிட்டு, அதற்குப் பொது அரங்கு என்று பெயர் வைக்கிறீர்களே அம்மா, அதுதான் எனக்குப் புரியவில்லை.

அதே வருடம் ஃபார்கோவில் இன்னொரு கூத்து. அங்கே ஏலம் எடுத்தது நார்த் டகோட்டா பல்கலைக்கழகம், ஆனால் அவர்கள் தொடருக்கே தகுதி பெறவில்லை. மண்டபம் பிடித்தவர் வீட்டிலேயே கல்யாணம் இல்லை! அங்கே அனுப்பப்பட்ட நான்கில் தரவரிசைப்படி முதலிடத்தில் இருந்த வெஸ்டர்ன் மிச்சிகன் 1,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அங்கே ஆடியது. அந்த வருடம் கோப்பையே அவர்களுக்குத்தான், அவர்கள் வரலாற்றில் முதல் கோப்பை. அந்தப் பயணத்தில் ஒரே ஒரு ஆட்டத்தையாவது அவர்கள் ஊரான கலமசூவின் மக்கள் தங்கள் திடலில் உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதா?

சரி, எதிரணி 2002-ஐ எடுத்துப் போட்டார்கள். மிச்சிகன் தன் சொந்த யோஸ்ட் அரங்கில் பலமான டென்வரை 5-3 என்று வெளியேற்றியது, ஆகவே வீட்டுத் திடல் அநியாயம் என்றார்கள். நடுவர் அவர்களே, அது எங்கள் சாட்சி! அங்கேயும் வீட்டுத் திடல் வந்தது ஏலத்தால், தரவரிசையால் அல்ல. சம்பாதித்து வாங்கிய வீட்டையும் குலுக்கலில் விழுந்த வீட்டையும் ஒரே கணக்கில் எழுதலாமா?

அப்புறம், சொந்தத் திடல் என்றால் முடிவு முன்பே எழுதியாகிவிட்டது என்கிறார்கள். சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் தனியாகத் தொடர் நடத்தும் பிக் டென் அமைப்பைக் கேளுங்கள். ஆரம்பத்தில் அவர்களும் செயின்ட் பால், டெட்ராய்ட் என்று பெரிய அரங்குகளை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள், காலி நாற்காலிகளைப் பார்த்து அலுத்துப்போய் 2018-இலிருந்து இறுதி ஆட்டம் உட்பட எல்லாவற்றையும் கல்லூரித் திடலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். 2023 இறுதி ஆட்டம் மின்னசோட்டாவின் சொந்தத் திடலில். ஜெயித்தது மிச்சிகன், 4-3. வீட்டுக்காரர் கதவைத் திறந்து விட்டார், விருந்தாளி கோப்பையோடு போனார்.

பெண்கள் தொடரில் காலிறுதி நடப்பது தரவரிசையில் மேலே இருக்கும் கல்லூரிகளின் திடலில்தான். அங்கே நியாயமாக இருப்பது ஆண்களுக்கு வரும்போது மட்டும் எப்படி அநியாயமாகிறது?

சின்னத் திடல், டிவிக்கு வசதி போதாது என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீசன் முழுக்க அங்கேதானே படம் பிடிக்கிறீர்கள்? பாதி காலியான பெரிய அரங்கைக் காட்ட கேமராவைத் திருப்பித் திருப்பி ஒளித்துக்கொண்டிருப்பதைவிட, 5,000 பேர் நெருக்கியடித்து, மாணவர் இசைக்குழு காதைக் கிழிக்கிற ஓரோனோவைக் காட்டுவது டிவிக்கும் நல்லதுதான்.

மணி அடித்துவிட்டீர்கள், இதோ உட்காருகிறேன். எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம், அலன்டவுன் அன்றைக்கு மெய்னுக்கு எந்த வகையில் பொது என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.